முப்பத்தொன்றாம் புள்ளி

தஹ்ஸீனுக்கு வழி சொல்ல வராது. முத்தியால்பேட்டையிலேயே பிறந்து, இருபது வருஷமாக அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பவள். ஆனாலும் அவளிடம் வழி கேட்டவர்கள் எல்லோரும் கடற்கரைக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். பல் டாக்டரைத் தேடி வந்தவரும் கடற்கரை, கல்யாண மண்டபத்தைத் தேடி வந்தவரும் கடற்கரை. அப்படிப்பட்டவள் கல்லூரி மூன்றாம் வருஷத்தில், வரைபடத்தை வைத்துக் கதை சொல்லும் வெப்சைட் கட்டுகிற பாடத்தை எடுத்தாள் என்றால் அதற்கு ஆர்வம் காரணமில்லை. இன்னொரு பாடம் காலை எட்டு மணிக்கு இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் முதல் வகுப்பிலேயே விழுந்துவிட்டாள். ஜெர்லின் மேடம் திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து தள்ளத் தள்ள, ஓரத்தில் கதை நகர்ந்தது. கதையில் எந்த இடம் வந்ததோ அந்த இடத்துக்கு வரைபடம் தானாகவே பறந்து போய், மெல்ல இறங்கி, மொட்டைமாடி தெரிகிற உயரத்தில் நின்றது. நடுவில் யாரையும் வழி கேட்கவில்லை. தஹ்ஸீனுக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது.

கற்றுக்கொள்வது அத்தனை லேசாக இல்லை. ஒவ்வோர் இடத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள் கொடுக்க வேண்டும். மனிதர்கள் ஒரு வரிசையில் சொல்வார்கள், இந்த வெப்சைட் அதைத் தலைகீழாகக் கேட்கும். தஹ்ஸீன் மனிதர்கள் சொல்கிறபடி கொடுத்தாள். திறந்து பார்த்தால் முத்தியால்பேட்டை நார்வேக்கும் வடக்கே, பனிக்கரடி உலாவுகிற இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

"எங்க தெருவுல காத்தே வரலன்னு அம்மா சொல்லிட்டே இருப்பாங்க மேடம்," என்றாள்.

மேடம் சிரிக்கவில்லை. எண்களை இடம் மாற்றிப் போடச் சொன்னார். இப்படி நாலு தடவை துருவத்துக்குப் போய்த் திரும்பிய பிறகு அவளுக்குக் கை பழகிவிட்டது.

பருவ முடிவில் ஆளுக்கொரு வரைபடக் கதை செய்து காட்ட வேண்டும். வகுப்பில் பதினாலு பேர். அதில் பதினோரு பேர் பிரெஞ்சுத் தெருக்களை எடுத்துக்கொண்டார்கள். "இன்னொரு மஞ்சச் சுவரப் பாத்தேன்னா நான் வேலைய விட்டுட்டுப் போயிடுவேன்," என்றார் ஜெர்லின் மேடம். "ஏம்பா, உங்க வீட்ல எல்லாம் எதுவுமே நடக்கறதில்லையா?"

தஹ்ஸீன் வீட்டில் நடந்துகொண்டுதான் இருந்தது. அண்ணன் ஃபவாஸுக்குக் கல்யாணம். அத்தா அப்துல் மாலிக் பையும் குடையும் விற்கிற கடை வைத்திருக்கிறார். மழைக்காலம் நெருங்கிவிட்டால் அவரைக் கடையிலிருந்து நெம்பி எடுக்கவும் முடியாது. அதனால் பத்திரிகை வைக்கிற வேலை அம்மா கனீஸ் பாத்திமாவின் தலையில் விழுந்தது. அம்மா பின்னால் உட்கார, தஹ்ஸீன் ஸ்கூட்டர் ஓட்டினாள். நாலு நாளில் முப்பத்தொரு வீடு.

போனில் பத்திரிகையை அனுப்பிவிட்டால் அழைத்ததாகுமா? அவர்கள் குடும்பத்தில் ஆகாது. வீடு தேடிப் போக வேண்டும், கையில் கொடுக்க வேண்டும், "முன்னாடியே வந்து நின்னு நடத்திக் குடுக்கணும்" என்று வாயால் சொல்ல வேண்டும், கொடுத்த டீயைக் குடிக்க வேண்டும். முப்பத்தொரு வீட்டிலும் குடிக்க வேண்டும். அதைவிட முக்கியம், குடும்பத்தின் மூத்தவருக்கு முதல் பத்திரிகை. மற்றவர்கள் எல்லாம் அப்புறம்தான்.

அந்த மூத்தவர் அம்மாவின் அக்கா ஹபீபுன்னிசா. உழவர்கரையில் மகன் வீட்டில் இருக்கிறார். கல்யாணத்தில் மணப்பெண் கழுத்தில் கருகமணி கட்டப்போகிறவரும் அவர்தான். குரல் சன்னம், நினைவு பயங்கரம். 1998இல் யார் வீட்டு விருந்தில் தனக்குக் கறி குறைவாக வந்தது என்பதைத் தேதியோடு சொல்வார்.

தஹ்ஸீன் போன வீடெல்லாம் படம் எடுத்தாள், அவரவர் பேசியதைக் குறித்துக்கொண்டாள். படமும் பேச்சும் எங்கெங்கே வரும் என்று அவர்களிடமே கேட்டுக்கொண்டாள். எல்லோரும் "போடும்மா, நல்லா போடு" என்றார்கள். முப்பத்தொரு புள்ளி வரைபடத்தில் ஏறின. நினைவில் இருந்த வரிசைப்படி அவற்றை இணைத்து மேடத்திடம் காட்டினாள். வரைபடம் அவள் வீட்டிலிருந்து உழவர்கரைக்குப் பாய்ந்தது, திரும்ப வந்தது, நடுவில் இருக்கிற சாரம் என்கிற பகுதிக்கு ஓடியது, மறுபடி உழவர்கரை. ஒன்பதாவது வீட்டில் மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

"தலை சுத்துது. பக்கத்துப் பக்கத்துல இருக்கறத ஒண்ணா சேரு. ஒரு முனையில ஆரம்பி, இன்னொரு முனையில முடி."

நல்ல யோசனை. தஹ்ஸீன் அப்படியே செய்தாள். தன் வீட்டுக்குப் பக்கத்து வீடு ஒன்று, அதற்கடுத்தது இரண்டு என்று எண் போட்டுக்கொண்டே மேற்கே போனாள். சாரம் முழுக்க முடிந்து, உழவர்கரையின் கடைசி வீட்டில் போய் முப்பத்தொன்று நின்றது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வரைபடம் வழுக்கிக்கொண்டு போயிற்று. சந்தோஷத்தில் லிங்க்கை அத்தாவுக்கு அனுப்பினாள். இந்த ஒரு காரியத்தை மட்டும் அவள் செய்யாமல் இருந்திருக்கலாம்.

அப்துல் மாலிக்குக்கு எதையும் தனியாக ரசிக்கத் தெரியாது. "என் மகள் கம்ப்யூட்டரில் கட்டிய கதை. அனைவரும் காண்க" என்று எழுதி, குடும்ப குரூப்பில் போட்டுவிட்டு, குடை விற்கப் போய்விட்டார்.

ஒன்றாம் புள்ளி பக்கத்து வீட்டு சூசைமேரி. இட்லி மாவு அரைத்து விற்பவள். குரூப்பில் இருக்கிற யாரோ அவளிடம் காட்டிவிட, தனக்கு ஒன்றாம் நம்பர் என்பதை மாவு வாங்க வந்தவர்கள் எல்லோரிடமும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்றாம் புள்ளி யார் என்று சொல்லவும் வேண்டுமா? உழவர்கரையின் கடைசி வீடு, ஹபீபுன்னிசா பெரியம்மா.

பெரியம்மா சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாளித்திருக்கலாம். குரூப்பில் ஒரே ஒரு குரல் பதிவு போட்டார். "மாவுக்கடைக்கு ஒண்ணு, கூடப் பொறந்தவளுக்கு முப்பத்தொண்ணு. ரொம்ப சந்தோஷம். எனக்கு முட்டி வலிம்மா, கல்யாணத்துக்கு வர தோதுப்படாது. கருகமணிய ஒண்ணாம் நம்பரையே கட்டச் சொல்லுங்க."

கனீஸ் பாத்திமா போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள். அக்கா இல்லாமல் அவர் வீட்டில் ஒரு காதுகுத்துகூட நடந்ததில்லை. அம்மாவின் அம்மா போன பிறகு அவருக்குப் பிறந்த வீடு என்றால் அக்காதான்.

"அக்கா வரலன்னா எனக்கு இந்தக் கல்யாணம் கல்யாணமே இல்ல," என்று அழுதார். "உன்னை யாருடி நம்பர் போடச் சொன்னது?"

தஹ்ஸீன் முதலில் அத்தாவிடம் ஓடி, குரூப்பிலிருந்து அழிக்கச் சொன்னாள். அவர் அழித்தார். தன் போனிலிருந்து மட்டும் அழிகிற பொத்தானை அழுத்திவிட்டு, "போச்சு, ஒண்ணும் இல்ல பாரு" என்று காட்டினார். அவர் போனில் உண்மையிலேயே ஒன்றும் இல்லை. மற்ற நாற்பத்திரண்டு போனிலும் பத்திரமாக இருந்தது.

பிறகு வெப்சைட்டையே எடுத்துவிட்டாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. பார்த்தவர்கள் ஏற்கெனவே படம் பிடித்து வைத்திருந்தார்கள். "மறைக்கிறாங்கன்னா என்னமோ இருக்கு" என்று சாரம் முழுக்கப் பேச்சு.

எண்களை மட்டும் நீக்கிப் பார்த்தாள். எண் இல்லாவிட்டாலும் தள்ளத் தள்ள யாராவது முதலில் வரத்தானே வேண்டும்? பெரியம்மாவை முதலில் வைக்கலாமென்று பார்த்தால், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சூசைமேரியின் குரல் வந்தது. "பாப்பா, என் நம்பர மட்டும் மாத்திடாத. ஜெர்ரிக்கு துபாய்க்கு அனுப்பிட்டேன்." ஜெர்ரி அவள் மகன்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. எடுத்த படங்கள் போனில் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் நேரம் இருக்கிறது. பெரியம்மா வீட்டுக்குத்தான் முதலில் போனோம் என்று காட்டிவிட்டால் தீர்ந்தது. தஹ்ஸீன் படங்களைத் திறந்தாள். முதல் நாள், வெள்ளிக்கிழமை. பெரியம்மா வீட்டு வாசல், மூன்று மணி ஐந்து நிமிஷம். அதற்கு முன்னால் ஒரு படம் இருந்தது. இரண்டு பத்துக்கு, சூசைமேரி பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு கிரைண்டர் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். மீதிப் பத்திரிகைக் கட்டு அவளுடைய மாவு மேடை மேல் இருக்கிறது.

"ம்மா," என்றாள் தஹ்ஸீன், "நிஜமாவே சூசைக்காவுக்குத்தான் மொதல்ல வெச்சிருக்கோம்."

அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. "அது எப்படி வெச்சதாகும்? வீட்டுச் சாவி குடுக்கத்தானே போனோம்? அவ எதிர்ல நின்னா, கையில பத்திரிகை இருந்துச்சு, குடுத்தேன். அது கணக்குல வராது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இத நீ செத்தாலும் வெளிய சொல்லக் கூடாது," என்றார்.

ஆக, தப்பான வரிசை என்று தஹ்ஸீன் மன்னிப்புக் கேட்கப்போகிற வரிசையின் முதல் புள்ளி மட்டும் சுத்தமான உண்மை. இந்த அழகில் இரண்டு பேரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உழவர்கரைக்குப் புறப்பட்டார்கள். பதற்றத்தில் தஹ்ஸீன் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டாள். நல்லவேளை, கடற்கரைக்குப் போகவில்லை.

பெரியம்மா கதவைத் திறந்தார். "வாங்க. முப்பத்தொண்ணாவது வீட்டுக்கு வழி தெரிஞ்சிடுச்சா?"

உட்காரச் சொன்னார். டீ வந்தது. பிஸ்கட் வரவில்லை. அம்மா தஹ்ஸீனைப் பார்த்தார். அந்த வீட்டில் பிஸ்கட் இல்லாமல் டீ வந்தது அதுதான் முதல் தடவை.

"பெரிம்மா, அது கூப்பிட்ட வரிசை இல்ல," என்று தஹ்ஸீன் ஆரம்பித்தாள். "வீடு இருக்கற வரிசை. மேப்பு அங்கயும் இங்கயும் பறந்தா பாக்கறவங்களுக்குத் தலை சுத்தும்னு மேடம் சொன்னாங்க."

"இங்க மூணு நாளா எனக்குத் தலை சுத்துதே, அதுக்கு உங்க மேடம் என்னா சொன்னாங்க?"

தஹ்ஸீன் லேப்டாப்பைத் திறந்தாள். முப்பத்தொரு படமும் வரிசையாக நின்றன. என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே அதைப் பெரியம்மா பக்கம் திருப்பி வைத்தாள்.

"எனக்குத் தெரியல பெரிம்மா. யார் மொதல்ல, யார் அப்புறம்னு நீங்களே சொல்லுங்க. அப்படியே மாத்திடறேன். யாருக்குத் தலை சுத்தினாலும் பரவால்ல."

பெரியம்மா எழுந்து போய் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து, முந்தானையால் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எழுதிக்க. ஒண்ணு, சூசைமேரி."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அக்கா! கேலி பண்ணாத."

"நான் ஏன் கேலி பண்றேன்? ஃபவாஸு பொறந்த அன்னைக்கு ஊரெல்லாம் தண்ணி. உன் வீட்டுக்காரரு சரக்கு எடுக்க மெட்ராஸ் போயிட்டாரு. உன்னை ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனது யாரு? அவதானே? நான் வந்து சேர்ந்தது ரெண்டு நாள் கழிச்சு. கல்யாணம் அந்தப் புள்ளைக்குத்தானே? அப்ப ஒண்ணு அவதான். ரெண்டு நான். அதுல மாத்தம் இல்ல."

கனீஸ் பாத்திமா அழ ஆரம்பித்தார். அழுகையோடு உண்மையும் சேர்ந்து வந்துவிட்டது. சாவி கொடுக்கப் போனது, பத்திரிகை கையில் இருந்தது, உனக்குத்தான் முதலில் வைத்தோம் என்று வாசலில் நின்று சொன்னது பொய், எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"தெரியும்," என்றார் பெரியம்மா.

அலமாரியிலிருந்து தனக்கு வந்த பத்திரிகையை எடுத்து வந்து மேஜைமேல் போட்டார். உறையின் ஓரத்தில் இட்லி மாவு காய்ந்து, வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க வந்த அன்னைக்கே பாத்துட்டேன். நேரா மாவுக்கடையிலேர்ந்து வருதுன்னு தெரிஞ்சுது. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. மனசுக்குள்ள நல்ல வேல பண்ணீங்கன்னுகூட நெனச்சேன். ஆனா மேப்பு போட்டு ஊருக்கே காட்டினீங்களே, தள்றேன், தள்றேன், நான் வரவே இல்ல. சாரம் வருது, அங்க எல்லாரும் வர்றாங்க, நான் மட்டும் வரல. என்னை விட்டுட்டீங்கன்னே நெனச்சேன் பாத்திமா." சன்னக் குரல் இன்னும் சன்னமாயிற்று. "கட்டை விரல் வலிக்கத் தள்ளினேன்."

தஹ்ஸீன் தலை குனிந்துகொண்டாள். தன் பக்கத்தை எத்தனையோ பேர் தள்ளிப் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தாள். அதில் ஒருத்தர், தான் எங்கே வருகிறோம் என்று தேடித் தள்ளுவார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. "மன்னிச்சிடுங்க பெரிம்மா," என்றாள்.

"மன்னிக்கறது அப்புறம். மூணாவது எழுது."

முப்பத்தொரு வீட்டையும் வரிசைப்படுத்த இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம் இருந்தது. யார் பிரசவத்துக்கு வந்தார்கள், யார் மௌத்து வீட்டுக்கு வந்து அழுதார்கள், யார் வந்துவிட்டுச் சாப்பிடாமல் போனார்கள். ஏழாவது வீட்டில் பிஸ்கட் வந்தது. பதினெட்டாவதில் சமோசா வந்தது. சாரத்தில் இருக்கிற அப்துல் மாலிக்கின் தம்பி, பெரியம்மாவின் முட்டி ஆபரேஷனை விசாரிக்க வராததால், முப்பத்தொன்றுக்குப் போனார்.

"அவங்க கோச்சுப்பாங்களே," என்றாள் தஹ்ஸீன்.

"நம்பர எடுத்துடு. அவன் கடைசி வரைக்கும் தள்ள மாட்டான், சோம்பேறி."

கிளம்புகிற நேரத்தில் பெரியம்மா தன் போனை நீட்டினார். "நான் இப்ப எங்க இருக்கேன், எந்தப் பக்கம் போறேன்னு இதுல எல்லாருக்கும் தெரியற மாதிரி பண்ண முடியுமாமே?" முடியும் என்று தஹ்ஸீன் காட்டிக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

பருவ முடிவில் ஜெர்லின் மேடம் புது வரிசையைப் பார்த்தார். வரைபடம் முத்தியால்பேட்டையில் ஆரம்பித்து உழவர்கரைக்குப் பாய்ந்தது, திரும்பி வந்தது, சாரத்தை மிதித்துவிட்டு மறுபடி ஓடியது. மேடம் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "நான் என்ன சொன்னேன், நீ என்ன பண்ணி வெச்சிருக்க?"

"வீடு எங்க இருக்குங்கற வரிசைய எடுத்துட்டேன் மேடம். இது எங்க பெரியம்மா சொன்ன வரிசை," என்ற தஹ்ஸீன், ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் காரணம் சொல்லிக்கொண்டே போனாள். ஒன்பதாவது வீட்டில் மேடம் கண்ணை மூடவில்லை. இருபதாவதில், "இந்தச் சாப்பிடாமப் போனவங்க கதை என்ன?" என்று கேட்டார். முதல் படத்திலேயே ஓரத்தில் கறையோடு ஓர் உறை இருந்தது. அது என்ன என்று கடைசியில் கேட்டார்.

"இட்லி மாவு மேடம்."

கல்யாணத்தன்று நிக்காஹ் பதினோரு மணிக்கு. காலை ஏழு இருபதுக்குக் குடும்ப குரூப் சிணுங்கியது. ஹபீபுன்னிசா பெரியம்மா தான் இருக்கும் இடத்தை எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தார். மற்ற நாற்பத்திரண்டு பேரும் பல் தேய்த்துக்கொண்டும் டீ குடித்துக்கொண்டும் பார்க்க, உழவர்கரையிலிருந்து புள்ளி ஒன்று கிளம்பியது. சாரத்தை நிற்காமல் கடந்தது. மண்டபத்துக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போயிற்று.

"வழி தப்பிட்டாங்களா?" என்று கனீஸ் பாத்திமா பதறினார்.

தஹ்ஸீன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். புள்ளி முத்தியால்பேட்டைக்குள் நுழைந்து, அவர்கள் தெருவிலேயே வந்து, பக்கத்து வீட்டில் நின்றது. வெளியே ஆட்டோ சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் சூசைமேரி, "தோ வந்துட்டேங்க்கா, பூ மட்டும் வெச்சிக்கறேன்," என்று கத்தினாள். நாலு நிமிஷம் கழித்துப் புள்ளி மறுபடி நகர்ந்து மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கனீஸ் பாத்திமா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். குரூப்பில் ஒரு படம் வந்தது. பூட்டிய மண்டபத்து கேட் முன்னால் இரண்டு பேரும் பட்டுப்புடவையில் நின்றார்கள். கருகமணிப் பெட்டி பெரியம்மா கையில் இருந்தது. கீழே ஒரு குரல் பதிவு. "மொதல்ல வந்தது யாருன்னு எல்லாரும் நல்லா பாத்துக்குங்க."

அப்போது மாப்பிள்ளை இன்னும் குளிக்கக்கூட இல்லை.